பியானோவுக்கு அபிப்பிராயம் கிடையாது

ஆர்விட் டோலஃப்சன் தன் வாழ்நாளில் ஒரு பியானோவைக்கூடக் கீழே போட்டதில்லை. இதை அவராகச் சொல்ல மாட்டார். தன்னைப் பற்றித் தானே நல்லதாக நாலு வார்த்தை பேசுவது திருட்டுக்கு அடுத்தபடியான குற்றம் என்று சொல்லித்தான் மின்னசோட்டாவில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். ஆனால் அவர் பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டால், பேச்சு மழையில் ஆரம்பித்தாலும் சரி, மாரடைப்பில் ஆரம்பித்தாலும் சரி, வளைந்து நெளிந்து ஏதோ ஒரு வீட்டு மாடிப்படிக்கு வந்து சேரும். படியில் ஒரு பியானோ இருக்கும். அதன் அடிமுனையில் ஆர்விட் இருப்பார். மேல்முனையைப் பிடித்தவனுக்குச் சரியாக அப்போது தும்மல் வரும்.

அப்புறம் என்ன ஆச்சு என்று நாம்தான் கேட்க வேண்டும்.

"ஒண்ணும் ஆகல. பிடிச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான் கதை. நாற்பது வருஷம் அந்த வேலை பார்த்தவரிடம் இப்படி நூறு கதை உண்டு. எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றே.

அப்பேர்ப்பட்ட மனிதரைத் தோற்கடித்தது ஒரு கிழட்டு நாய்.

நான் வேலை பார்க்கும் வண்டிப் பேட்டை அரிசோனாப் பாலைவனத்தில் இருக்கிறது. வடக்கே பனி விழ ஆரம்பித்ததும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு எங்களிடம் இறங்குவார்கள். பேருந்து நீளத்துக்கு இருக்கும் வண்டிகள். உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தொலைக்காட்சி, சண்டை போட்டால் சாத்திக்கொள்ள ஒரு கதவு, எல்லாம் உண்டு. மார்ச் முடிந்து வெயில் பல்லைக் காட்டியதும் கிளம்பிவிடுவார்கள். இடம் ஒதுக்குவது, தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆள் பிடிப்பது, பாதையில் யாராவது சாமான் வைத்தால் எடுக்கச் சொல்வது இவையெல்லாம் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கணிதம். சான்றிதழைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "நீச்சல் குளத்துத் தண்ணி சுத்தம்னு அரசாங்கம் கொடுத்ததா?" என்று கேட்பார்கள்.

ஆர்விட் எழுபது தாண்டியவர். பால் பண்ணைக் குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளை. வீட்டில் பேச இடம் கிடைக்காததால் பேசாமல் வளர்ந்தவர். தேவாலயத்து நிலவறையிலிருந்து ஒரு பியானோவை மேலே கொண்டுவர ஆள் தேவைப்பட்டபோது, "நீ சும்மாத்தானே நிக்கிற" என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவே பிழைப்பாயிற்று. மனைவி மார்லிஸ் அகப்பட்டதும் பியானோவால்தான். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் ஒன்றை இறக்கிவைக்கப் போனபோது அவர் அங்கே சமையல்காரி.

"சாப்பிடுறியா?" என்று கேட்டிருக்கிறார் மார்லிஸ்.

"இல்ல, பரவால்ல."

"கொஞ்சமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சூடா இருக்கு, சாப்பிடேன்."

"சரி, மிச்சம் இருந்தா."

இதுதான் அவர்கள் ஊர் வழக்கம். எதையும் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால்தான் கேட்டவர் மனசாரக் கேட்கிறார் என்று அர்த்தம். அப்போது கூச்சத்தோடு வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது தடவை கேட்காமல் கரண்டியைக் கீழே வைத்திருந்தால் தனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்று மார்லிஸ் சொல்வார். அந்தக் கரண்டியைக் கீழே வைத்திருக்கலாமோ என்று சில நாட்களில் சொல்வதும் உண்டு.

ஓய்வு பெற்றதும் ஆர்விட் வீட்டு வண்டி வாங்கினார். ஊரார் வீட்டுச் சாமான்களையே தூக்கித் திரிந்தவரை, முதல்முறையாகத் தன் வீடு தூக்கிக்கொண்டு போயிற்று. எங்கள் பேட்டைக்கு வந்தால்தான் அவருக்கு முகம் மலரும். ஊரில் இருந்தால் ஆறு மாதம் பனியை வாரிப்போடுவதும், பக்கத்து வீட்டுக்காரர் பனியை வாருவதைப் பார்ப்பதும்தான். இங்கே சட்டைக்கையை மடித்துக்கொண்டு குதிரைலாட எறிபந்தயம் ஆடுவார், தோற்பார், "மோசமில்ல" என்பார். அவர்கள் அகராதியில் அதைவிடப் பெரிய ஆனந்தத்துக்கு வார்த்தை இல்லை.

கிளாடிஸ் அவர்களுடைய நாய். நியூஃபவுண்ட்லாந்து சாதி. கறுப்பு. நின்றால் சின்னக் கன்றுக்குட்டி, படுத்தால் யாரோ கழற்றிப்போட்ட கரடித்தோல். எடை என்னைவிடக் கொஞ்சம் கூட. வயது பதினொன்று. அந்தச் சாதியில் அது கொள்ளுப்பாட்டி வயது. இடுப்பு போய்விட்டது. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தின் பாதிவரை வண்டியின் மூன்று படிகளையும் முனகிக்கொண்டே ஏறி, முனகிக்கொண்டே இறங்கிவிடும்.

வண்டிப்படி இரும்பு. வேண்டும்போது இழுத்துவிட்டு, கிளம்பும்போது மடித்துக்கொள்வது. சேறு தங்காமலிருக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஜனவரியில் ஒரு காலை அந்த ஈரப்படியில் கிளாடிஸின் பின்கால் வழுக்கிப் படிகளுக்கு நடுவே போய்விட்டது. அடி ஒன்றும் இல்லை. மானம்தான் போயிற்று. எதிர்வரிசையில் ஆறேழு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அது படியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியோரம் விரித்திருந்த துணிப்பந்தலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் ராத்திரியில் குள்ளநரி வரும். நாயை வெளியே தனியாக விட ஆர்விட்டுக்கு மனம் வரவில்லை. ஒரு சாய்வு நாற்காலியை இழுத்துப்போட்டு, மூன்று கம்பளிகளோடு அவரும் வெளியே குடியேறினார்.

"நாப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா நிம்மதியாத் தூங்குறேன்," என்றார் மார்லிஸ் என்னிடம். ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை.

காரணம் உண்டு. போன இலையுதிர்காலத்தில்தான் ஆர்விட்டுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. நாலு லிட்டர் பால் கேனுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. நாற்பது வருஷம் பியானோ தூக்கியவரிடம் பால் கேனைக் காட்டிச் சொன்னால் எப்படி இருக்கும்? வாரம் ஒன்றுகூடப் போகவில்லை, ஒரு காலையில் மார்லிஸ் கதவைத் திறந்தால், மனிதர் முழங்காலை மடித்து நாயின் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"கைய எடு!"

"சும்மா எடை பாத்தேன்."

"இங்க பாரு ஆர்விட். பியானோவுக்கு அடியில செத்தா பேப்பர்ல மரியாதையாப் போடுவான். நாய்க்கு அடியில செத்தா நான் ஊர்ல என்னன்னு சொல்றது?"

அன்றைக்கே மார்லிஸ் மூன்றாம் வரிசை லோவெல் ஹாகனைப் பார்க்கப் போனார். லோவெலும் அவர்கள் ஊர்க்காரர்தான். அவர் வண்டிக்கூரை ஒழுகும். ஆர்விட்டின் வண்டி மேல் அவருக்கு மூன்று வருஷமாகக் கண். அதை எப்படி வெளியே சொல்வார்? "வண்டி மோசமில்ல" என்று வருஷத்துக்கு இரண்டு முறை சொல்வார். அவ்வளவுதான்.

திரும்பி வந்து மார்லிஸ் தீர்ப்பைச் சொன்னார். "சனிக்கிழமை லோவெல் வந்து பாக்குறான். அதுக்குள்ள கிளாடிஸ் தானா ஏறி, தானா இறங்கிட்டா வண்டி நம்மளுது. இல்லன்னா அவனுது. தாழ்வா ஒரு காரு வாங்கிக்கிட்டு ஊர் போய்ச் சேருவோம். எனக்கு வண்டியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். புருஷன் முழுசா இருந்தாப் போதும்."

ஆர்விட் பந்தலைத் தாண்டி வெயிலில் போய் நின்றார். பிறகு, "வெயில் மோசமில்லயே" என்றார். எனக்குத் தெரிந்து அவர் அழுததற்கு மிக நெருக்கமாக வந்த இடம் அதுதான்.

விஷயம் பரவியதும் பேட்டையே திரண்டது. எங்கள் பேட்டையில் எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். கையில் கருவியும் மண்டையில் யோசனையும் வைத்துக்கொண்டு, எங்கே எது உடையும் என்று காத்திருப்பவர்கள். ஆனால் யாராலும் குனிந்து தூக்க முடியாது. அவர்களில் இளையவருக்கே இரண்டு முழங்காலும் புதுசு.

முதலில் வந்தவர் பக்கத்து இடத்து ஓர்வல். தச்சராக இருந்தவர். ஒரே மத்தியானத்தில் அழகான சாய்பலகை ஒன்றைச் செய்துவிட்டார். நாய்க்கு வழுக்கக்கூடாதே என்று அதன் மேல் நல்ல பச்சையில் செயற்கைப் புல்லை ஒட்டினார். கிளாடிஸ் எழுந்து வந்தது. முகர்ந்தது. கைதட்டல் ஆரம்பித்தது. இரண்டு எட்டு ஏறி, நடுப்பலகையில் நின்று, பின்பக்கத்தைத் தாழ்த்தி, நிதானமாகச் சிறுநீர் கழித்துவிட்டு இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"கெட்ட நாய்!" என்றார் ஓர்வல், வேலை கெட்ட கோபத்தில்.

"அதத் திட்டாத," என்று மார்லிஸ் வாசலுக்கு வந்தார். வழிநெடுகப் பெட்ரோல் போடும் இடங்களில், பனியிலும் சிமெண்டுத் தரையிலும் நாய் எங்கே ஒதுங்கும் என்று, ஒரு துண்டு செயற்கைப் புல்லை விரித்து அதன் மேல்தான் போக வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பழக்கியவர் அவர். "அது சொன்னதச் செய்யுது. நீதான் ஏழடி நீளத்துக்குக் கக்கூசு கட்டி வச்சிருக்க."

அடுத்து, படகு தூக்கும் கப்பியும் பட்டையும். நாலு பேர் கயிறு இழுத்தார்கள். கிளாடிஸ் அந்தரத்தில் நாலு காலையும் தொங்கவிட்டு, நனைந்த மெத்தைபோல் ஆகி, கண்ணை மூடித் தூங்கிவிட்டது. வாசல் உயரத்துக்கு வந்ததும்தான் தெரிந்தது, நாய் குறுக்குவாட்டில் தொங்குகிறது, வாசலோ நேர்வாட்டில் இருக்கிறது. திருப்பினால் தலை உள்ளே போகிறது, புட்டம் சுவரில் இடிக்கிறது. இறக்கினார்கள். அது விழிக்கவே இல்லை.

அதற்கப்புறம் இறைச்சி உருண்டைகள். படிக்கு ஒன்றாக வைத்தார் மார்லிஸ். தரையில் நின்றபடியே கழுத்தை ஒட்டகம்போல் நீட்டி இரண்டு படிவரை காலி செய்தது. மூன்றாவது எட்டவில்லை. ஆர்விட் பக்கம் திரும்பிப் பார்த்தது, அதை எடுத்துக் கொடு என்று.

"பியானோ தேவல," என்றார் ஆர்விட். "பியானோவுக்கு அபிப்பிராயம் கிடையாது."

புதன்கிழமை எதிர் இடத்துக்கு ஒரு வண்டி வந்தது. டெக்சாஸ் பதிவெண். இறங்கியவர் ராய்ஸ் பெட்டிகுரூ. அகலத் தொப்பி, வாசல் நிலை இடிக்கும் உயரம், கூட ஆள் கிடையாது. வண்டியை நிறுத்தி, தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கிளாடிஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேராகப் பாதையைத் தாண்டி வந்தார்.

"ஐயா, வணக்கம். என்கிட்ட ஒரு சாய்பலகை இருக்கு. பெரிய நாய்க்குன்னே செஞ்சது. வேணுங்களா?"

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க," என்றார் ஆர்விட் முகம் மலர. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரிங்க ஐயா."

தொப்பியின் விளிம்பைத் தொட்டார். திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த மறுப்பைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டு நின்ற ஆர்விட் அப்படியே நின்றார். ஜன்னலுக்குள்ளிருந்து மார்லிஸ் கேட்டார்.

"என்ன சொன்னான்?"

"சாய்பலகை வேணுமான்னான்."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன்."

"சரியாத்தானே சொல்லிருக்க. அப்புறம்?"

"போயிட்டான்."

"போயிட்டானா? ரெண்டாவது தடவ கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"சே! யாரு பெத்த புள்ளையோ."

இதையெல்லாம் பக்கத்தில் குழாய்க்கணக்குப் பார்ப்பதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் ராய்ஸைப் பார்க்கப் போனேன். வண்டிக்கு அடியில் கட்டியிருந்த பலகையைக் காட்டினார். பழைய கொட்டகைக் கதவு ஒன்றை வைத்துச் செய்தது. பன்னிரண்டு அடி நீளம், மேலே முரட்டு ரப்பர் விரிப்பு, கால் ஊன்றக் குறுக்குச் சட்டங்கள், கீழே தரை தெரிந்து மிரளாதபடி இரண்டு பக்கமும் தடுப்பு.

"என் ஜூபிலிக்குச் செஞ்சேன் தம்பி. மாஸ்டிஃப் சாதி. மூணு வருஷம் இதுலதான் ஏறி இறங்கினா. போன அக்டோபர்ல போயிட்டா." பலகையின் விளிம்பில் பல் பட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "விறகுக்காவது ஆகும்னு தூக்கிக்கிட்டு அலையுறேன்."

"எதிர் வீட்டுக்காரர்கிட்ட இன்னும் ரெண்டு தடவ கேளுங்க. வாங்கிக்குவாரு."

"அவருதான் வேண்டாம்னாரே."

"அவங்க ஊர்ல வேண்டாம்னா திரும்பக் கேளுன்னு அர்த்தம்."

"எங்க ஊர்ல ஒரு ஆம்பள வேண்டாம்னு சொன்னப்புறம் திரும்பக் கேட்டா, அவர் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இல்லைன்னு அர்த்தம். மூக்கு ஒடையும். எழுவது வயசுக் கிழவர்கிட்ட எனக்கு எதுக்கு வம்பு? அவரா கேட்டா இப்பவே தூக்கிக் கொடுக்குறேன்."

இந்தப் பக்கம் வந்து ஆர்விட்டிடம் சொன்னேன்.

"கேக்குறதா?" என்றார். "வாயத் தொறந்தா?"

"ஆமா. எனக்கு அது வேணும், கொடுங்கன்னு."

மனிதர் என்னைப் பார்த்த பார்வையில், நடுத்தெருவில் துணியை அவிழ்க்கச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனால் வியாழக்கிழமை முழுக்க யோசித்து, வெள்ளிக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு பாதையைத் தாண்டினார். இரண்டு பேரும் பலகைக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல பலகை," என்றார் ஆர்விட்.

"ஆமாங்க ஐயா."

"கனமா இருக்கும்."

"இருக்கும்."

"இதையெல்லாம் யாருக்கும் இரவல் கொடுக்க மனசு வராது."

"கேட்டா கொடுக்கலாம்."

"கேக்குறவனும் யோசிச்சுத்தான் கேப்பான்."

"அது அவன் பாடுங்க."

கொஞ்ச நேரம் காற்று வீசியது.

"சரி, வரேன்," என்று ஆர்விட் திரும்பிவிட்டார். மின்னசோட்டாவில் இப்படிப் பேசியிருந்தால், அவர் வீடு போய்ச் சேருமுன் பலகை போய்ச் சேர்ந்திருக்கும், மேலே ஒரு சட்டி அவரைக்காய்க் குழம்போடு. "கெஞ்சிட்டு வந்துட்டேன்," என்றார் மார்லிஸிடம். "கல்லு மனசு."

சனிக்கிழமை காலை பேட்டையின் பொது மண்டபத்தில் பான்கேக் விருந்து. மார்லிஸ் அங்கே சுடப் போய்விட்டார். லோவெல் விருந்து முடிந்து வருவதாக ஏற்பாடு. பேட்டை காலியாக இருந்தது. ராய்ஸ் மட்டும் தன் வாசலில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். நான் குப்பைத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு அந்த வரிசையில் வந்தபோது, ஆர்விட் தன் வண்டியின் பக்கவாட்டு அறையைத் திறந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். பியானோ தூக்கும் பட்டைகள். தோளில் மாட்டி, கனத்தை இடுப்புக்கு இறக்குகிற தடித்த பட்டைகள். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை நாயின் வயிற்றுக்கு அடியில் விட்டார்.

"ஆர்விட், வேண்டாம்!" என்று ஓடினேன்.

"ஒரே ஒரு தடவ. லோவெல் வர்றப்ப இது உள்ள இருக்கணும்."

"உள்ள இருந்தா? இறங்க வேண்டாமா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. யோசிக்கிற முகமும் இல்லை. முழங்காலை மடித்தார். மூச்சை இழுத்தார். கிளாடிஸின் முன்பாதி தரையை விட்டு ஒரு சாண் கிளம்பியது. அவர் கழுத்து நரம்பு புடைத்து முகம் செங்கல் நிறமாயிற்று. எதிரே ராய்ஸ் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் பாதையைத் தாண்டவில்லை. கூப்பிடவில்லையே!

கிளாடிஸ் தலையைத் திருப்பி ஆர்விட்டின் முகத்தை நக்கியது.

அவர் இறக்கினார். பட்டை தோளில் இருக்க, முழங்காலில் அப்படியே இருந்தார். வலியா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தலையைத் தூக்கி, பேட்டையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

"பெட்டிகுரூ! அந்தப் பலகை எனக்கு வேணும்! கொண்டா!"

மண்டபத்து வாசலில் பான்கேக் தட்டோடு வந்துகொண்டிருந்த மார்லிஸ் நின்றுவிட்டார். பின்னால் வந்த லோவெல் அவர் மேல் இடித்துக்கொண்டார். அப்படி ஒரு சொல்லை அவர்கள் ஊர்க்காரர் வாயிலிருந்து இரண்டு பேருமே கேட்டதில்லை.

"அவ்ளோதாங்க ஐயா," என்றார் ராய்ஸ். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பலகைக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்.

நானும் அவரும் தூக்கினோம். பலகை நாய்க்குச் சமமான கனம். வைத்துப் பார்த்தால் சரிவு அதிகம். அங்கேதான் என் சான்றிதழுக்கு வேலை வந்தது. வாசல் உயரம், பலகை நீளம், கோணம் எல்லாம் மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்தேன். இந்த உயரத்தில் இது கிழட்டு இடுப்புக்கு ஆகாது. பலகையை நீட்ட முடியாது. வண்டியை இறக்க வேண்டும். ஆர்விட்டின் இடம் சற்றுச் சாய்வானது. மட்டம் பார்க்கும் குழாயில் குமிழி நட்டநடுவில் நிற்க வேண்டும் என்று அவர் வாசல் பக்கத்தை ஜாக்கி போட்டு உயர்த்தியிருந்தார். வண்டிக்காரர்களுக்கு அந்தக் குமிழிதான் கௌரவம்.

"ஜாக்கிய இறக்குங்க," என்றேன்.

"குமிழி போயிடுமே."

"போகட்டும்," என்றார் மார்லிஸ், தட்டோடு வந்து நின்று.

இறக்கினார். வண்டி மெதுவாக வாசல் பக்கம் சாய்ந்தது. உள்ளே அலமாரி ஒன்று திறந்து, தட்டுகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் வந்தது. கடைசித் தட்டு சுழன்று அடங்கும்வரை எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தோம். பலகை பொருந்தியது.

"கிளாடிஸ், வா," என்றார் ஆர்விட்.

நாய் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வாடி கண்ணு. ஏறு."

கொட்டாவி விட்டது.

"வேண்டாங்குது ஐயா," என்றார் ராய்ஸ் வருத்தமாக. "அதோட வார்த்தைக்கு மரியாதை கொடுத்துடலாம்."

"இருங்க," என்றார் மார்லிஸ். "அது மின்னசோட்டா நாய். ஆர்விட், இன்னொரு தடவ கேளு."

ஆர்விட் குனிந்து அதன் காதில் என்னவோ சொன்னார். கிளாடிஸ் முனகியது. முன்காலை ஊன்றி, பின்பாதியைத் தனியாக எழுப்பி, பலகைக்கு வந்தது. ஜூபிலி பல் வைத்த விளிம்பை நன்றாக முகர்ந்தது. பிறகு, சட்டத்துக்குச் சட்டம் கால் வைத்து, தடுப்பில் உடம்பை உராய்த்துக்கொண்டே ஏறி, வாசலுக்குள் மறைந்தது. உடைந்த தட்டுகள் மேல் அது படுக்கும் சத்தம் கேட்டது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுபவர்போல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் அசையவில்லை. இறங்கினால்தானே பந்தயம் முடியும். லோவெல் வாங்கப்போகிறவருக்கான முகத்தோடு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மார்லிஸ் தட்டிலிருந்த பான்கேக் ஒன்றைப் பலகையின் கீழ்முனையில் வைத்தார். கிளாடிஸ் வாசலில் தலையை நீட்டியது. இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று நினைப்போம். முன்பாரம் உள்ள கிழட்டு நாய்க்கு அதுதான் பயம். ஆர்விட் பலகையோரமாக அதன் கழுத்துக்குச் சமமாக நடந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கை அதன் தோள்பட்டையில் இருந்தது. தூக்கவில்லை. சும்மா இருந்தது. நாய் தரைக்கு வந்து பான்கேக்கை ஒரே வாயில் விழுங்கியது.

"லோவெல்," என்றார் மார்லிஸ். "வண்டி விக்கிறதுக்கில்ல."

"அப்படியா. எனக்கு ஒண்ணும் வாங்கியே ஆகணும்னு இல்ல," என்றார் லோவெல். "நிச்சயமா?"

"நிச்சயமா."

"நல்லா யோசிச்சுக்க மார்லிஸ். ஒருவேளை…"

"லோவெல், இதோட மூணு ஆச்சு."

லோவெல் தலையாட்டிக்கொண்டார்.

நான் தொண்டையைக் கனைத்தேன். எனக்கும் வேலை இருக்கிறதே. பன்னிரண்டு அடிப் பலகை நடுப்பாதையில் கிடந்தால் எரிவாயு வண்டி எப்படிப் போகும்? ஒவ்வொரு தடவையும் போட்டு, ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டும் என்றேன். நாய் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வெளியே போகும்.

மார்லிஸ் உடனே புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இந்தப் பலகையில உன் விரல் பட்டாலும் அன்னிக்கே சாவி லோவெல் கையில. ரெண்டு பேரக் கூப்பிடணும். நாலு வேளையும் கூப்பிடணும். ஊருக்குப் போற வழியில நிக்கிற ஒவ்வொரு இடத்திலயும், முன்னப்பின்ன தெரியாதவனக் கூப்பிடணும். முடியுமா?"

ஆர்விட் தன் வண்டியைப் பார்த்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, குமிழி எங்கேயோ போய், ஜன்னல் திரை வெளியே தொங்க நின்றுகொண்டிருந்தது. வெயில் அதன் மேல் சுள்ளென்று விழுந்தது.

"மோசமில்ல," என்றார்.

பிறகு தோளில் கிடந்த பட்டையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, லோவெலிடம் போனார். நெற்றியெல்லாம் வியர்வை. சொற்கள் ஒவ்வொன்றும் மாடிப்படியில் இறங்கும் பியானோபோல வந்தன.

"லோவெல். அந்த முனையக் கொஞ்சம். பிடிக்கிறியா. ஓரமா வைக்கணும்."

மூன்று வருஷம் ஆசைப்பட்ட வண்டி சற்றுமுன் கைநழுவிப் போன மனிதர் அவர். பலகையைப் பார்த்தார், ஆர்விட்டைப் பார்த்தார். "பிடிக்காம?" என்று சட்டைக்கையை மடித்தார். தன்னை ஒரே ஒரு தடவைதான் கேட்டார் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. மறுமுனையை ராய்ஸ் எடுத்தார்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம்," என்றார் ஆர்விட் பின்னாலேயே நடந்து. "முதுக வளைக்காதீங்க, காலால தூக்குங்க. அட, கதவ இப்படியா பிடிப்பாங்க, லோவெல்? தள்ளு, நான் காட்டு…"

"கை!" என்று வாசலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது, தட்டு பொறுக்கும் ஓசைக்கு நடுவே.

"பாக்கெட்லதான் இருக்கு மார்லிஸ்," என்றார் ஆர்விட், அவசரமாக உள்ளே விட்டுக்கொண்டு.